விசைத்தறிக் கூடத்தில் ஒரு பேட்டி

காலை ஷிப்ட் தொடங்கி ஆறு நிமிடம் ஆகியிருந்தது. விசைத்தறிக் கூடத்தில் பாட்காஸ்ட் பேட்டி எடுக்க, இரைச்சலை நீக்கும் புது மைக்கைத்தான் மேகலா தேர்ந்தெடுத்திருந்தாள். நாற்பது வருடம் தறி ஓட்டிய செங்கோடன் பழக்கத்தில் கத்தித்தான் பேசினார். அவள் ஹெட்போனில் தறிகள் அடங்கியிருந்தன. அவர் குரலும் இல்லை. அவளுடைய கேள்விகள் மட்டும் சுத்தமாகப் பதிவாகியிருந்தன.

பழைய மைக்கை மாட்டினாள். தறிச் சத்தத்துக்கு நடுவே அவர் குரல் கேட்டது.

“புது மைக் உங்க குரலையும் தறிச் சத்தம்னு நெனச்சு நீக்கிருதுங்க ஐயா.”

செங்கோடன் சிரித்தார். “ரேசன் கடையிலயும் குரலை வெச்சு ஆளைக் கண்டுபிடிக்க இதேதான் வெச்சிருக்காங்க அம்மணி. ரெண்டு வாரமாப் பேரைச் சொல்றேன், ஆளே இல்லைங்குது.”

மேகலா புது மைக்கைப் பைக்குள் வைத்தாள். அவர் சிரிப்பு நின்றிருந்தது.

“நெஞ்சு வலிக்குதுன்னு நாளைக்கு ஆஸ்பத்திரி வாசல்லயும் இதை வெச்சுட்டா இதுகிட்டத்தான் சொல்லோணும். அதுக்காச்சும் கேக்குமா அம்மணி?”