செல்லபாய் வீட்டுச் சண்டை

"காசாவுக்குள்ள இஸ்ரவேலு கேறியாச்சு. இனி அவனுகள ஒருத்தனும் வெளிய இறக்க முடியாது!"

"ஏன் முடியாது? அங்க இருக்குதவனுக்கும் பிள்ள குட்டி உண்டு அத்தான். அவனுக்க வீடாக்கும் அது!"

உபதேசியார் எலியா வேலிப் படலையைத் திறப்பதற்கு முன்பே சத்தம் ரோடு வரைக்கும் வந்துவிட்டது.

அது 1956. கிறிஸ்துமஸ் திருவிருந்துக்கு இன்னும் ஆறு நாள்தான். சண்டையில் இருப்பவர்கள் சமாதானமாகாமல் திருவிருந்தின் அப்பத்துக்கும் ரசத்துக்கும் கை நீட்டக்கூடாது என்பது பாறசாலைப் பக்கத்து அந்தச் சபையில் பழைய வழக்கம். அப்படிப்பட்டவர்கள் பெயரை எழுதிப் போதகரிடம் கொடுப்பது உபதேசியாருடைய வேலை. எலியாவுக்கு அந்த வேலையில் கொஞ்சம் ருசியும் உண்டு.

உள்ளே எட்டிப் பார்த்தார். சத்தியதாசும் அவர் மச்சினன் ஜெயதாசும் எதிரெதிரே உட்கார்ந்து கையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேருமே தலை நரைத்தவர்கள். ஒருவருக்கு மனைவியும் மற்றவருக்கு அக்காவுமான செல்லபாய் நடுவில் உட்கார்ந்து பத்திரிகையை உரக்க வாசித்துக்கொண்டிருந்தாள். ஆண்கள் இருவருக்கும் எழுத்து தெரியாது. அவள் மிஷன் பள்ளியில் ஏழாம் வகுப்பு வரை படித்தவள்.

"இஸ்ரவேலு தேவஜனமாக்கும். வேதத்துல உண்டு" என்றார் சத்தியதாஸ்.

"அயலானுக்க வேலியப் பிடுங்கவும் வேதத்துல உண்டுமா?" என்றார் ஜெயதாஸ்.

"அடுத்த வரி வாசிக்கட்டா?" என்றாள் செல்லபாய்.

எலியாவுக்குப் பொறுக்கவில்லை. பென்சிலை எடுத்துக்கொண்டு அவளைப் பின்வாசலுக்குக் கூப்பிட்டார்.

"செல்லபாயம்மா, நல்லாயிருக்கா இது? கட்டினவரையும் கூடப்பிறந்தவனையும் மூட்டிவிட்டுட்டு நடுவுல இருந்து வாசிக்குதியளே! மூணு பேருக்க பேரையும் எழுதப்போறேன்."

"எழுதுங்க. ஆனா மெல்லப் பேசுங்க" என்று அவள் பத்திரிகையை நீட்டினாள்.

எலியா தேதியைப் பார்த்தார். நவம்பர் நாலு. இன்றைக்கு டிசம்பர் பத்தொன்பது.

"இது பழைய பேப்பராச்சே! அந்தச் சண்டை நிண்ணு ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு!"

"அங்க நிண்ணாச்சு. நான் இங்க நிறுத்தல்ல."

எலியா விழித்தார். அவள் குரலை இன்னும் தாழ்த்திக்கொண்டாள்.

"பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் தமிழ்நாட்டோட சேரணும்னு எனக்க தம்பி போராட்டத்துல செயிலுக்குப் போனான், தெரியுமில்லியா? திரும்பி வந்தப்போ இவரு, 'செயில்ல சோறு கொள்ளாமா, நல்ல ருசியா'ண்ணு கேட்டுட்டாரு. அண்ணைக்கு இறங்கினவன் ரெண்டு வருசம் இந்தப் படி ஏறல்ல."

"பின்ன எப்பம் வந்தான்?"

"போன மாசம் பாறசாலைய கேரளாவுல விட்டு எல்லை பிரிச்ச நாலாம் நாளு. அவனுக்க வீடு அந்தப்புறம் தமிழ்நாட்டுல, நாங்களும் நம்ம சபையும் இந்தப்புறம் கேரளாவுல. 'உமக்கு இப்பம் சந்தோசமா அத்தான்'ண்ணு கேட்டுட்டே கேறி வந்தான். இவரு அடிக்க மம்மெட்டிய எடுத்துட்டாரு. எனக்குக் கையும் ஓடல்ல, காலும் ஓடல்ல. கிடந்த பேப்பர எடுத்து, கண்ணுல பட்டத சத்தமா வாசிச்சேன். காசா சண்டை. ரெண்டு பேரும் அங்கோட்டுத் திரும்பிட்டாவ."

"அதுக்கப்புறம்?"

"தினமும் அந்திக்கு வாறான். சண்டை நிண்ணுதுண்ணு வாசிச்சா திரும்பவும் பாறசாலைச் சண்டைக்கு வந்துருவாவ. அதனால நாலு பழைய பேப்பர மாத்தி மாத்தி வாசிக்கேன். பாக்கி எனக்க கைச்சரக்கு." சிரிக்கப் பார்த்தாள்; கண்தான் நிறைந்தது. "அங்க வீடுவாசல் போனவங்க எத்தனை பேரோ. அவங்க கண்ணீர வச்சு எனக்க வீட்டக் காப்பாத்துகேன். தினமும் முழங்கால்ல நிண்ணு மன்னிப்புக் கேக்கேன் உபதேசியாரே."

எலியா பென்சிலைச் சட்டைப் பைக்குள் போட்டார். விடைபெற உள்ளே போனபோது சத்தியதாஸ் விடவில்லை.

"நீங்க படிச்ச ஆளு. சொல்லுங்க உபதேசியாரே, காசாவுல இப்பம் என்ன நிலைமை?"

செல்லபாய் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

எலியா ஒருமுறை எச்சிலை விழுங்கினார். "சண்டை நடக்குது. நல்லாவே நடக்குது."

சொல்லிவிட்டு ஓட்டமும் நடையுமாக வெளியே வந்தார். வழியனுப்ப வந்த ஜெயதாஸ் படலையருகில் அவர் கையைப் பிடித்தார்.

"பொய் சொல்லிப் பழக்கமில்ல போல. விக்கிப்போட்டீரே!"

எலியாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "உனக்கு..."

"சண்டை நிண்ண சேதிய அண்ணைக்கே சாயக்கடையில ஒருத்தன் வாசிச்சான். நானும் இருந்தேன், அத்தானும் இருந்தாரு. ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்தோம். ஒண்ணும் பேசல்ல."

"அப்பம் தினமும் இங்க வந்து தொண்ட கிழியக் கத்துகது எதுக்கு?"

ஜெயதாஸ் வீட்டைத் திரும்பிப் பார்த்தார். உள்ளே செல்லபாய் அடுத்த பத்திரிகையை விரித்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு வருசம் அவள அழவச்சாச்சு. இப்பம் நாங்க கத்தாம இருந்தா, பாறசாலைய நினைச்சுட்டோமோண்ணு அக்கா பயந்துருவா உபதேசியாரே."