கோல் கீப்பருக்காக ஒரு ஓட்டு

"எல்லாரும் சௌக்கியமா? ஆளுக்கு ரெண்டே நிமிஷம். மணி அடிச்சா வாயை மூடிடணும், கவர்னரோட மாமியாரா இருந்தாலும் சரி!" என்று செனட்டர் ஹாஸ்கின்ஸ் சுத்தியலால் மேஜையைத் தட்டினார்.

மாநிலச் சட்டசபையின் குழு அறை நிரம்பி வழிந்தது. திருநங்கை மாணவிகள் பள்ளிகளின் பெண்கள் அணியில் ஆடக் கூடாது என்று ஒரு மசோதா. ஆதரவு மூன்று, எதிர்ப்பு மூன்று. மிச்சம் ஹாஸ்கின்ஸின் ஓட்டுதான். மாநிலம் முழுக்கச் சல்லடை போட்டும் அப்படி அகப்பட்டவள் ஒரே ஒருத்தி: பைன் ஹாலோ பள்ளியின் கால்பந்து கோல் கீப்பர், பதினாறு வயது டெலானி.

"எனக்குக் கப்பும் வேணாம், காலேஜ் சீட்டும் வேணாம் சார். டீம் பஸ்ல அவளுங்களோட கத்திப் பாடிக்கிட்டே போகணும். அவ்ளோதான்," என்றாள் டெலானி.

அடுத்து எழுந்தவர் டெல்பர்ட். டெலானியின் சொந்தப் பயிற்சியாளர்.

"மனசைக் கல்லாக்கிக்கிட்டுச் சொல்றேன் சார். சட்டம் வரட்டும். வெள்ளிக்கிழமைக்கு முன்னாடி வந்தா ரொம்ப நல்லது."

"ஏன்யா, பிடிக்கலைன்னா நீங்களே அவளை டீம்ல இருந்து எடுத்திருக்கலாமே?" என்றார் ஹாஸ்கின்ஸ்.

"எடுத்தா மத்த பத்துப் பேரும் பஸ்ஸை விட்டு இறங்கிடுவாளுங்க சார். சட்டம்னா என் மேல பழி வராதுல்ல?"

"அடப்பாவி! சொந்த கோச்சே இப்படியா?" என்று பின்வரிசையில் யாரோ பல்லைக் கடித்தார்கள்.

கடைசியாக லூரீன் என்ற பெண்மணி மைக்கைப் பிடித்தாள். ஹீட்டர் அனலிலும் கம்பளிக் கோட்டுக்குக் கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தாள்.

"அந்தப் புள்ளைய வெளியே அனுப்பிடாதீங்க சார். கோல் கம்பத்துக்கு நடுவுல அவ நிக்கிறதைப் பார்த்தாலே எனக்கு வயிறு குளிர்ந்துடும். அவ ஆடுற அன்னிக்கு எங்க பொண்ணுங்க மூஞ்சில வர்ற சிரிப்பை நீங்க பார்க்கணுமே! அவ இல்லாத மேட்சை என்னால நினைச்சுக்கூடப் பார்க்க முடியல..." கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

டெல்பர்ட் துள்ளி எழுந்தார். "சார், இந்தம்மா யாருன்னா..."

"உங்க ரெண்டு நிமிஷம் எப்பவோ முடிஞ்சு போச்சு. உக்காருங்க!" டொக், டொக்.

ஹாஸ்கின்ஸ் மூக்கைச் சிந்தினார். "முப்பது வருஷமா இந்த நாற்காலியைத் தேய்க்கிறேன். இப்படி ஒரு பேச்சைக் கேட்டதில்ல. என் ஓட்டு, இந்தச் சட்டம் வேணாம்."

மசோதா அங்கேயே செத்தது. டெலானி பெஞ்சு மேலேறிக் குதித்தாள். டெல்பர்ட் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

ஹாஸ்கின்ஸ் மேடையிலிருந்து இறங்கி வந்து லூரீனின் கையைப் பிடித்துக்கொண்டார். "உன்னை மாதிரி ஒரு அம்மா கிடைக்க அந்தப் பொண்ணு கொடுத்து வச்சிருக்கணும்மா."

"அம்மாவா? நானா?" லூரீன் வேர்த்து விறுவிறுக்கக் கோட்டைக் கழற்றினாள். உள்ளே பக்கத்து ஊர் அணியின் பச்சை ஜெர்சி. "நான் எதிர் டீம் கோச் சார். வெள்ளிக்கிழமை இவங்களோட எங்களுக்கு மேட்ச். போன தடவை இந்தத் தங்கம் எங்களைப் பதினோரு கோல் போட விட்டுச்சு!"

"பன்னெண்டு," என்று பின்னாலிருந்து திருத்தினாள் டெலானி.