சிவந்த தோள்

அன்று முனியாண்டி மரத்தடியில் இருந்தவர்கள் நான்கு பேர். நான், என் தம்பி மனைவி பெரியாயி, பதுளையிலிருந்து கிளிகளைக் கணக்கெடுக்க வந்த ஷம்ரா, மரத்தைச் சாய்க்க ரம்பத்தோடு வந்த தோட்டத்து ஆள் விஜேந்திரன்.

மரம் பட்டுப்போய் வருடங்கள் ஆகின்றன. ஆனால் நமுனுகுல மலை அடிவாரத்தில் திருவிழா அன்று அதற்கு முதல் பொட்டு வைப்பது எங்கள் குடும்பம். மரம் சாய்ந்தால் அந்த மரியாதையும் போய்விடும்.

தோளில் சிவப்புத் திட்டுள்ள பெரிய கிளி கூடு வைத்திருந்தால் யாரும் மரத்தைத் தொட முடியாது என்று ஷம்ரா முந்தைய வாரமே சொல்லியிருந்தாள். குஞ்சிலேயே பிடித்து விற்றுவிடுவதால் அந்த இனம் அருகி வருகிறதாம். ஆனால் அது கீழ்க்காட்டுப் பறவை, இந்தக் குளிருக்கு ஏறி வராது என்றும் சொன்னாள்.

பொந்திலிருந்து ஒரு கிளி வெளியே வந்து விளிம்பில் உட்கார்ந்தது.

தோளில் சிவப்பு.

ஷம்ரா மூச்சை அடக்கித் தொலைநோக்கியை உயர்த்தினாள். கீழே காடு அழிந்து மேலே ஏறி வந்துவிட்டதா? பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அய்யா, ஒத்தத் தோள்லதானே இருக்கு? முதுகும் சாம்பலா இருக்கே!"

"மத்தப் பக்கம் பூசுறதுக்குள்ள சாயம் தீந்துபோச்சாக்கும், மிஸ்" என்றான் விஜேந்திரன்.

பெரியாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் நிமிர்ந்தே நின்றேன்.

தூறல் விழுந்தது. கிளி சிறகை உதறியது. சிவப்பு கரைந்து மார்பில் வழிந்தது.

ஷம்ராவின் பார்வை பொந்துக்குப் போனது. அதன் விளிம்பில் அப்பியிருந்த குங்குமமும் வழிந்துகொண்டிருந்தது. போகும்போதும் வரும்போதும் கிளி அதில் உரசியிருக்கிறது.

விஜேந்திரன் ரம்பத்தைக் கையில் எடுத்தான்.

பொந்துக்குள் குஞ்சுகள் கத்தின. ஷம்ரா மரத்துக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். இது மலைக்கிளி, இந்தத் தீவை விட்டால் உலகில் வேறெங்கும் கிடையாது, குஞ்சுகள் பறக்கும்வரை இதையும் தொடக்கூடாது என்றாள். சொல்லிவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டாள்.

மரம் இன்னும் நிற்கிறது.

பெரியாயி ஏணி வைத்து ஏறி, பொந்து வாயில் குங்குமம் அப்பினாள் என்று தோட்டத்து லயத்து வீடுகளில் பேசிக்கொள்கிறார்கள்.

அது பொய். எங்கள் குடும்பத்துப் பெண்கள் மரம் ஏறுவதில்லை. அவள் ஏணியை மட்டும்தான் பிடித்துக்கொண்டாள்.