ஆறடிப் பலகை

ரயில் இன்னும் எட்டிப் பார்க்காத ஓர் இங்கிலாந்துக் கிராமத்தில், தொட்டிலுக்கும் சவப்பெட்டிக்கும் ஆபெல் ஒருவர்தான் தச்சர். நல்ல எல்ம் மரப் பலகை ஒன்றைத் தம் சவப்பெட்டிக்கென்றே பன்னிரண்டு வருஷமாகப் பட்டறையில் சாய்த்து வைத்திருந்தார். அதனடியில் அவர் மகள் ஹெட்டி மரச்சுருள்களை அள்ளித் தலையில் சூடி விளையாடுவாள்.

பலகைக்குத் தலைக்கனம். ஊரில் சாவு விழும்போதெல்லாம் ரம்பத்திடம், "என் பக்கம் வராதே. நான் எசமானோடு மண்ணுக்குப் போகிறவன்" என்று சொல்லும். ஆபெலும் அதைத் தடவிப் பார்த்துவிட்டு வேறு மரத்தை எடுப்பார்.

அந்தக் குளிர்காலத்தில் காய்ச்சல் பரவியது. ஒருநாள் காலை ஆபெல் அந்தப் பலகையைக் கிடத்திக் கோடு போட்டார். ரம்பம் இறங்கியது.

"நிறுத்து!" என்று பலகை அலறியது. "எசமான் ஆறடி ஆள். நீ மூன்றடியில் அறுக்கிறாயே, கண் அவிந்துவிட்டதா?"

"கோடு போட்டது அவர்தான்."

"அப்படியானால் தப்பாக அளந்துவிட்டார். திரும்ப அளக்கச் சொல்!"

ரம்பம் சற்று நின்றது. "கீழே பார். சுருள் அள்ள ஹெட்டி வந்து நாலு நாளாகிறது."

பலகை பார்த்தது. அதன்பிறகு ஒரு கணுவில்கூட அது ரம்பத்தைப் பிடித்து நிறுத்தவில்லை.