எட்டு யூனிட்

“கம்பி சூடானா கொஞ்சம் கரண்ட் வீணாப் போகும்னு நீதானேண்ணா சொன்ன—”

“அது ஆறு யூனிட்தான் போகும். டிரான்ஸ்ஃபார்மர்ல ஒரு நாளைக்கு நூறு கிளம்புது, வீடுகளுக்கு எண்பத்தாறுதான் வருது. மிச்ச எட்டையும் உன் அருமைப் புருஷன்தான் முழுங்கியிருக்கான்—”

“முழுங்கினதை நீ பாத்தியா?”

மின் அலுவலக மேற்பார்வையாளரான அண்ணன் தன் மேஜையில் இருந்த கோப்பைப் புரட்டினார். திருட்டு என்று அவர் எழுதிக் கொடுத்துத்தான், அதே அலுவலகத்தில் லைன்மேனாக இருந்த அவள் கணவனுக்கு வேலை போனது. அன்றே அவர்கள் வீட்டு இணைப்பைத் துண்டித்து, மீட்டரையும் கழற்றி எடுத்துவந்துவிட்டார். மூன்று வாரம் ஆகிறது.

ஃபோன் வந்ததும், விட்டது தொல்லை என்று அவர் வராந்தாவுக்குப் போனார். அலமாரியில் அவள் வீட்டு மீட்டர் இருந்தது. அதில் ஒரு வயர்கூட இல்லை. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கடைசி எண் ஒன்று கூடியது.

மீட்டரில் ஒட்டியிருந்த தாளில், கழற்றிய நாள் முதல் தேதிவாரியாக அளவு குறித்திருந்தது. தினமும் சரியாக எட்டு கூடியிருந்தது. அவளுக்குச் சின்ன வயதில் கணக்குப் போட்டுக் காட்டிய அண்ணனின் சாய்ந்த கையெழுத்து.

அவர் திரும்பி வந்து வாசலிலேயே நின்றார்.

“அந்த எட்டையும் இந்த மீட்டர்தான் முழுங்குது, அவர் எடுக்கலேன்னு மறுநாளே உனக்குத் தெரிஞ்சிருக்கேண்ணா. அப்புறமும் எதுக்கு எங்களை இருட்டுல உக்கார வெச்ச?”