மாடி அறை வெளிச்சம்

பிடுங்கிய பியூஸ் கட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பூனை மாதிரி படியேறி மொட்டைமாடிக்கு வந்தார் ஸ்டூடியோக்காரர். கேமராவுக்குக் காவல் நின்ற மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அந்த ரூம்ல லைட்டு போயிடுச்சு. நீங்க கீழ போய் என்ன செஞ்சீங்க?"

"வெளிச்சம் போச்சுல்ல, விடு."

"பையில என்ன?"

அவர் பையைக் கையால் மூடிக்கொண்டு கேமராப் பக்கம் திரும்பினார். தலை நரைத்த பிறகு செய்கிற காரியமா இது என்று அவருக்கே கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் தலைவலி அவரவருக்கு வந்தால்தானே தெரியும்!

கல்யாணமும் பாஸ்போர்ட் போட்டோவும் எடுத்தே காலம் ஓடிவிட்டது. புகைப்படச் சங்கத்தில் அவருக்குப் பெயரே 'பாஸ்போர்ட்'. போன முழுக் கிரகணத்தன்று மேகம் மூடிவிட, வெறும் கறுப்புப் படத்தோடு போய் நின்றவரிடம், "நிலாவைத் தோளை நிமித்தி நேரா உட்காரச் சொல்ல வேண்டியதுதானே?" என்று கேட்டுச் சிரித்தார்கள். இன்றைய கிரகணத்திலாவது ஒரு படம் சங்கத்துச் சுவரில் ஏற வேண்டும், அந்தப் பாழாய்ப்போன பெயர் ஒழிய வேண்டும்.

வானமும் கைகொடுத்தது. சாயங்காலமே கிளம்பிவிட்ட நிலாவைச் சுற்றிப் பேருக்குக்கூட மேகமில்லை. கெடுத்தது மொட்டைமாடி அறையின் ஜன்னல்தான். போன வாரம் குடிவந்த புருஷன் பெண்டாட்டி போட்டிருந்த டியூப்லைட், நேராக லென்ஸில் வந்து அடித்தது. மறுபக்கம் நகரலாமென்றால் தண்ணீர்த் தொட்டி நிலாவையே மறைத்தது.

முதலில் நல்லபடியாகத்தான் கேட்டார். ஜன்னலுக்கு வெளியே நின்று, "சார், கொஞ்ச நேரம் லைட்டை அணைக்கறீங்களா?" என்று குரல் கொடுத்தார். பிறகு கதவைத் தட்டினார், இடித்தார். ஊஹூம். திரைச்சீலையில் இரண்டு பேருடைய நிழலும் தெரிந்தது. கைகள் மட்டும் விசுக் விசுக்கென்று மேலும் கீழும் போய்வந்தன.

"கொசு அடிக்கிறாங்க போல," என்றாள் மனைவி.

"கொசு அடிக்க நேரமிருக்கு, கதவைத் திறக்க நேரமில்லையா? துரை!"

துரை என்பது அவர் வைத்த பெயர். படிக்கட்டில் எதிரே வந்தபோது, "வீடெல்லாம் வசதியா இருக்கா சார்?" என்று மெனக்கெட்டுக் கேட்டார். அந்த மனுஷன் ஒரு சிரிப்பை வீசிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தான். அந்தக் கடுப்பும் சேர்ந்துதான் அவரைக் கீழே மீட்டர் பெட்டிக்கு ஓட வைத்தது.

நிலா முழுசாக நிழலில் முழுகிச் செம்பாய்ச் சிவந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தார். கேமராத் திரையில் பார்த்தபோது அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. பிறந்ததிலிருந்து இப்படி ஒரு படம் அவர் எடுத்ததில்லை.

அறைக்குள் ஏதோ பாத்திரம் உருண்டது. போன் வெளிச்சம் ஒன்று எழுந்து அலைந்து, சார்ஜ் தீர்ந்ததோ என்னவோ, அதுவும் அணைந்தது. "அப்பாடா!" என்று வாய்விட்டுச் சொன்னவர், மனைவி முறைத்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

கதவு திறந்தது. துரை வெளியே வந்து நின்றார். அவர் சட்டையைப் பிடித்தபடி பின்னால் அந்த அம்மாள். தெருவில் எல்லா வீட்டிலும் விளக்கு எரிவதை அவர் பார்த்தார். பிறகு ஸ்டூடியோக்காரரைப் பார்த்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஸ்டூடியோக்காரர் கேமராவுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். கண்ணுக்கு நிலா தெரியவில்லை, காது மடலெல்லாம் எரிந்தது. சண்டைக்கு வந்திருந்தால் அவரும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பார். இப்படிச் சும்மா பார்த்துவிட்டுப் போனால் மனுஷன் என்ன செய்வான்? அவர்கள் இரண்டு பேரும் சுவரைத் தடவிக்கொண்டே உள்ளே போனார்கள்.

"எனக்கே கேவலமா இருக்குங்க. போய் மாட்டிட்டு வாங்க."

"இரு. நிலா திரும்ப வெளிய வர்ற படமும் வேணும். காலையில நானே போய் மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

"எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு?"

அவர் மறுபடி கேமராவிடம் குனிந்தார். அடுத்தடுத்து எடுத்த படங்களெல்லாம் ஆடிப்போய் வந்தன. பழியை ஸ்டாண்டின் மேல் போட்டு, அதன் திருகை இறுக்கினார்.

அப்போதுதான் படியில் காலடி கேட்டது. தோளில் பயணப் பையும் கையில் போன் டார்ச்சுமாக ஓர் இளம்பெண் மேலே வந்தாள்.

"சார், இங்க புதுசா குடிவந்திருக்கறது எங்க அப்பா அம்மா. ஊர்லேர்ந்து இப்பதான் வரேன். ஏன் இங்க மட்டும் இருட்டா இருக்கு?"

பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தார். மனைவி பார்த்த பார்வையில் அது தொண்டையோடு நின்றுவிட்டது.

"நான்தாம்மா... நான்தான் பியூஸைப் பிடுங்கிட்டேன். ஒரு போட்டோவுக்காக. தப்புதாம்மா, இப்பவே போய் மாட்டிடறேன்." குற்றம் குறுகுறுக்க, சும்மாவும் இருக்க முடியாமல் அசட்டுச் சிரிப்போடு ஒன்றைச் சேர்த்தார். "கொஞ்ச நேரந்தானேம்மா... ரெண்டு பேரும் இருட்டுல ஹாயா பேசிக்கிட்டு இருப்பாங்கன்னு நெனச்சேன்."

அவள் கோபப்படவில்லை. அறையைத் திரும்பிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்:

"ரெண்டு பேருக்கும் காது கேக்காது சார்... இருட்டுல எப்படிப் பேசிக்குவாங்க?"