சட்டியில் போட்ட இலை

மேலே பார்த்தால் சும்மா இருக்கும், கீழே பார்த்தால் ஓயாமல் உழைக்கும். அது என்ன, சொல்லுங்கள் பார்ப்போம்? நீந்துகிற வாத்து!

கோமளம் என்ற வாத்து டீச்சர் அப்படித்தான் அழகாக நீந்திக் காட்டுவார். பாடம் முடிந்ததும் குஞ்சுகள் சட்டியில் இலை போட வேண்டும். புரிந்தால் பச்சை இலை, புரியாவிட்டால் காய்ந்த இலை. டீச்சர் பக்கத்திலேயே நின்று பார்ப்பார். தினமும் எல்லாம் பச்சைதான். ஆனால் ஒரு குஞ்சும் தண்ணீரில் இறங்கியபாடில்லை. நாளைக்கோ கூட்டம் மொத்தமும் அக்கரைக்குப் போகிறது.

அன்று டீச்சர் அந்தப் பக்கம் திரும்பி இறகு கோதினார். திரும்பி வந்து பார்த்தால், சட்டி நிறையக் காய்ந்த இலை! அவருக்குத் திக்கென்றது.

"என்ன கண்ணுகளா, இத்தனை நாளும் புரியலையா?"

"நீங்க பார்த்துக்கிட்டே நின்னீங்களே டீச்சர்," என்றது கடைக்குட்டி சிமிழி. "உங்க முதுகுதான் தெரியுது. தண்ணிக்கு அடியில என்ன செய்றீங்கன்னே தெரியலை."

டீச்சர் யோசித்தார். பிறகு கரையில் மல்லாந்து படுத்து, இரண்டு கால்களாலும் காற்றைத் துழாவினார். குஞ்சுகள் விழுந்து விழுந்து சிரித்தன.

"சிரிச்சது போதும், காலைப் பாருங்க!"

பாடம் முடிந்தது. டீச்சர் சட்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

சிமிழி எந்த இலையும் போடவில்லை. குளத்தில் இறங்கிவிட்டது.